வருஷக் கடைசிப் பந்தயம்

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கும் நாட்களில் எங்கள் நெய்வேலி நகரியத்தில் டென்னிஸ் ஆட்டத்துக்கு மழை விடுமுறை. ஆடுகளம் குளமாகிவிடும், வலை நனைந்த வேஷ்டியைப் போல் தொங்கும். சுரங்கத்தில் ஊறும் நீரை இறைத்துத் தள்ள இராட்சதப் பம்புகள் உண்டு. டென்னிஸ் களத்துக்கு அந்தப் பாக்கியம் ஏது? ஆகவே மட்டையை ஆணியில் மாட்டிவிட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து விடுகிறோம். நல்ல வேளையாக, உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் எண்மர் வருஷத்தின் கடைசிப் பெரும் பந்தயத்துக்குக் கூடுவதும் அந்த நவம்பரில்தான்.

1970-ஆம் வருஷம் ஜப்பானின் டோக்கியோ நகரில் ஆரம்பித்த பந்தயம் இது. பிறகு ஊர் ஊராகச் சுற்றி, 2009 முதல் 2020 வரை லண்டனில் தங்கி, 2021-ல் இத்தாலியின் டூரின் நகருக்குக் குடிபெயர்ந்தது. மூடிய மண்டபத்துக்குள் ஆட்டம். காற்று பந்தைத் தள்ளிவிட்டது, சூரியன் கண்ணில் அடித்தது என்று என்னைப் போன்றவர்கள் சொல்லும் சமாதானம் ஒன்றும் அங்கே செல்லாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. விம்பிள்டனில் ஒரு தரம் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இங்கேயோ எண்மரை இரண்டு பிரிவாக்கி, ஒவ்வொருவரையும் தம் பிரிவிலுள்ள மற்ற மூவரோடும் ஆட விடுகிறார்கள். பிரிவுக்கு இருவர் அரையிறுதிக்குப் போவார்கள். முதல் ஆட்டத்தில் தோற்றவர் கடைசி நாளில் கோப்பையை ஏந்துவதும் உண்டு. இரட்டையர் ஆட்டத்துக்கும் எட்டு ஜோடிகள், இதே முறை.

இரட்டையர் என்றதும் நம் தேசத்தின் கதை வந்துவிடுகிறது. சென்னையில் பிறந்த மகேஷ் பூபதியும், சென்னை அமிர்தராஜ் பயிற்சிக் கூடத்தில் உருவான லியாண்டர் பயஸும் 1997-லும் 1999-லும் அமெரிக்காவின் ஹார்ட்போர்டு நகரில் இறுதி ஆட்டம் வரை சென்று தோற்றார்கள். 2000-ஆம் வருஷத்து இரட்டையர் போட்டி பெங்களூருக்கே வந்தது. நம் மண், நம் ஜனங்கள், நம் ஜோடி. நெய்வேலியிலிருந்து ஓர் இரவுப் பிரயாணம். இறுதியில் டொனால்டு ஜான்சன், பியட் நோர்வால் ஜோடியிடம் மறுபடியும் தோல்வி! 2012-ல் லண்டனில் பூபதியும் ரோகன் போபண்ணாவும் இறுதியில் தோற்றார்கள். 2015-ல் ருமேனியரான ஃபுளோரின் மெர்ஜியாவோடு வந்த போபண்ணாவுக்கும் அதே கதி. இந்தியர் எவர் கைக்கும் இந்தக் கோப்பை இதுவரை வந்ததில்லை.

எங்கள் அடுத்த வீட்டுப் பெரியவர் சுரங்கத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இந்தக் கணக்கைக் கேட்டால் சீறுவார். "வாசற்படி வரை போய்த் திரும்புவதற்கு இவ்வளவு தூரம் எதற்கு ஐயா?" என்பார். அந்தப் படியை மிதிக்க உலகத்தில் எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது என்று நான் எதிர்வாதம் செய்வேன். வருஷா வருஷம் இதே வழக்குத்தான்.

2023-ல் போபண்ணாவுக்கு 43 வயது. ஆஸ்திரேலியரான மேத்யூ எப்டனுடன் டூரினுக்கு வந்தார். முதல் ஆட்டத்தில் தோல்வி. பெரியவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். அடுத்த ஆட்டத்தில் ஜயம்; இந்தப் பந்தயத்தில் ஓர் ஆட்டத்தை வென்றவர்களிலேயே மூத்தவர் என்ற பெயர் போபண்ணாவுக்கு வந்தது. மூன்றாவது ஆட்டத்திலும் ஜயம்! அரையிறுதிக்குப் பெரியவர் அழைக்காமலே வந்து, குடையை மடக்கித் திண்ணையில் சாத்திவிட்டு முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கிரனோயெர்ஸ், ஸெபாயோஸ் ஜோடியிடம் நம்மவர் தோற்றபோது அவர் சீறவில்லை. "இந்த வயசில் முழங்கால் எப்படி ஐயா தாங்குகிறது?" என்று மாத்திரம் கேட்டார்.

2024 ஜனவரியில் போபண்ணாவும் எப்டனும் மெல்போர்னில் ஆஸ்திரேலியப் பட்டத்தை வென்றார்கள். அன்று இரவு அடுத்த வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு தூக்கு நிறையப் பாயசம் வந்தது.