புளிச்சக்கீரையும் சோளக் குருணையும்

நாகபுரியில் வாழும் நம்மவர் வீடுகளில் கீரை என்றால் பெரும்பாலும் பாலக், வெந்தயக்கீரை என்ற இரண்டோடு நின்றுவிடுகிறது. மழைக்காலச் சந்தையில் கட்டுக் கட்டாகக் குவிந்து கிடக்கும் 'அம்பாடி'யை நானும் பத்து ஆண்டுகளாகப் பார்த்தபடியே கடந்து சென்றவன்தான். அது நம் ஊர்ப் புளிச்சக்கீரை என்பதை எனக்குக் காட்டியவர் என் தாயார். அதைச் சொல்லுமுன் என் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

தந்தையார் 2019-இல் காலமானார். கோவில்பட்டிக்கு அருகே ஒரு கரிசல் கிராமத்தில் தனியே இருந்த தாயாரை 2022-இல் இங்கே அழைத்து வந்தேன். சில மாதங்களில் அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அரிசிச் சோற்றைக் குறைத்து, தவிடு நீக்காத தானியமும் கீரையும் சேர்க்கும்படி சொன்னார். நான் பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனவன். தாளில் உள்ளதைப் பிசகாமல் நிறைவேற்றுவதே எனக்குத் தெரிந்த தொழில். வீட்டிலும் அப்படியே நடந்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாயார் இரண்டாம் முறை சோறு கேட்டார். என் மனைவி கரண்டியை எடுக்குமுன், நான் சோற்றுப் பாத்திரத்தை நகர்த்தி வைத்தேன். "போதும் அம்மா. நாளை முதல் உங்களுக்குச் சோளந்தான்" என்றேன். குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தட்டிலேயே கை கழுவினார்.

"சோளந் தின்று தின்றுதான் தம்பி, உன்னை நெல்லுச்சோறு தின்ன வைத்தோம். அதையே எனக்குத் திருப்பித் தருகிறாயா?"

அன்று இரவு அவர் உண்ணவில்லை. மறுநாளும் மோர் மட்டுமே.

அவர் சிறுமியாக இருந்த 1960-களில், அந்தக் கரிசல் காட்டில் நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உரியது. மற்ற நாளெல்லாம் கம்பும் சோளமும். அரிசி அவருக்கு வெறும் உணவன்று. பட்ட வறுமையிலிருந்து ஏறி வந்த படி. அடுத்து வந்த 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்ததை நான் எடுத்துச் சொன்னபோது, "பஞ்சத்தில் தின்றதற்கு விழாவா?" என்று சிரித்தார். சோளத்தை மட்டும் தொடவில்லை.

மேல்மாடியில் ஒரு மராத்திய அம்மையார் இருக்கிறார். 'காக்கு' என்று அழைப்போம். அவருக்குத் தமிழ் தெரியாது; தாயாருக்கு மராத்தி தெரியாது. அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது, இருவரும் மாடிப்படியில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தனர். "அம்பாடி" என்றார் ஒருவர். ஓர் இலையைக் கிள்ளி வாயிலிட்ட மற்றவர், "அட, புளிச்சை!" என்றார். ஊரை விட்டு வந்தபின் அவர் குரலில் அத்தனை மகிழ்ச்சியை நான் கேட்டதில்லை.

காக்கு சமைத்த முறையைத் தாயார் அருகில் இருந்தே பார்த்தார். எங்கள் வீட்டில் இப்போது செய்வதும் அதுவே. வெண்சோளத்தை மிக்சியில் விட்டுவிட்டு ஓட்டி, ஒன்றிரண்டாக உடைத்துக்கொள்ள வேண்டும். (நகரத்துப் பிள்ளைகள் சோளம் என்றதும் மக்காச்சோளத்தை நினைக்கிறார்கள்; அதுவன்று.) ஊரில் சோளத்தை உரலில் குத்தித் தவிட்டைப் புடைத்துவிடுவார்கள். இங்கே தவிட்டோடு உடைத்த அந்தக் குருணையைக் 'கண்யா' என்கிறார்கள். நார்ச்சத்தெல்லாம் அந்தத் தவிட்டில்தான் மிகுதி. ஆதலால் மெல்ல ஜீரணமாகிறது.

குருணை 50 கிராம், துவரம்பருப்பு 50 கிராம், ஒரு கைப்பிடி நிலக்கடலை ஆகியவற்றை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மஞ்சள்தூள் சேர்த்துக் குக்கரில் குழைய வேகவிடுக. ஆய்ந்த இலை கால் கிலோவைத் தனியாகவே வேகவைக்க வேண்டும். சேர்த்துப் போட்டால் கீரையின் புளிப்பு பருப்பை வேகவிடாது. என் மனைவி முதன்முறை அவசரப்பட்டு, பருப்பு கல்லாக நின்றது. வெந்த இலையின் நீரை வடித்துவிட்டால் கடும் புளிப்பு அடங்கும். பித்தளை, அலுமினியப் பாத்திரங்கள் இதற்கு ஆகா. மண்சட்டி நன்று, எவர்சில்வரும் போதும். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக்கி, உப்பிட்டு, மத்தால் கடைந்து, ஒரு கொதி விட வேண்டும்.

தாளிப்பில்தான் காக்குவின் கை இருக்கிறது. கடலெண்ணெயில் கடுகு வெடித்ததும், நசுக்கிய பூண்டுப் பற்கள் எட்டோ பத்தோ போட்டுப் பொன்னிறமாகும் வரை பொறுத்திருந்து, காய்ந்த மிளகாயும் பெருங்காயமும் சேர்த்து, அப்படியே மேலே கொட்டுவார். அவர்கள் சிறிது வெல்லமும் இடுவதுண்டு. நாங்கள் இடுவதில்லை.

அன்று காக்கு கிண்ணத்தில் கொடுத்ததைத் தாயார் வழித்து உண்டார். அதில் சோளம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமலில்லை. உடைத்ததே அவர் கண்ணெதிரேதான். "சோளச் சோற்றுக்கு இந்தக் கீரைதான் எங்கள் ஆத்தாள் கடைவாள்" என்று மட்டும் சொன்னார். மறுவாரம் அவரே சோளம் வாங்கிவரச் சொன்னார்.

இதனால் நோய் நீங்கியது என்று நான் எழுதினால் பொய்யாகும். மாத்திரை தொடர்கிறது. சோளமும் மாவுச்சத்து உடையதுதான். அளவு மீறினால் சர்க்கரை ஏறவே செய்யும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இந்தக் கீரையை மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். ஆனால் தாயாரின் தட்டில் சோறு ஒரு கரண்டியாகக் குறைந்து, கீரை இரண்டு கரண்டியாயிற்று. யாரும் பாத்திரத்தை நகர்த்தவில்லை.

முதன்முதல் அவர் தம் கையால் அதைச் சமைத்த அன்று, வழக்கம்போல் எனக்குச் சோறும் சாம்பாரும் வரும் என்று உட்கார்ந்தேன். என் தட்டிலும் சோளக் கீரை விழுந்தது.

"எனக்குச் சட்டம் போட்டாயே, நீ ஒரு நாளாவது தின்றிருக்கிறாயா?"

இல்லை என்றேன்.

"தின்னு" என்று இன்னொரு கரண்டி வைத்தார்.