ஏடு காத்ததும் குரல் காத்ததும்

இசையைக் காப்பது ஏடா, குரலா என்னும் வினா தமிழ் படித்தோர்க்குப் புதிதன்று. தில்லையிற் செல்லரித்த நிலையில் தேவார ஏடுகள் கிடைத்தபோது பாடல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியே பண்முறையை வகுத்தளித்தாள் எனத் திருமுறைகண்ட புராணம் பேசுகிறது. வரலாறென்று கொள்வாரும் கதையென்று கொள்வாரும் உளர். எங்ஙனமாயினும், ஏடு தராததை ஒருத்தியின் தொண்டை தந்தது என்பதே அச்செய்தியின் சாரம்.

மேலைநாட்டில் இதற்கு மறுதலையான நிலை நேர்ந்தது. இலண்டனிற் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர், தாம் கேட்ட பழைய வாய்ப்பாட்டுக் கச்சேரி ஒன்றின் நிகழ்ச்சி நிரலை நமக்கு அனுப்பியிருந்தார். நம்மூர்க் கச்சேரிகளில் நிரல் என்பது பெரும்பாலும் பாடகரின் மனத்தில் இருப்பது. அச்சிட்டாலும் பாட்டின் முதற்சொல், இராகம், தாளம் என்று முடிந்துவிடும். அதுவோ ஒரு சிறு நூல்! இடப்பக்கம் இலத்தீன் பாடல், வலப்பக்கம் அதன் பொருள். இயற்றியவர் யார், எந்த விழாவுக்காக இயற்றினார், மூல ஏடு எந்த நூலகத்தில் உள்ளது என்னும் குறிப்புகள். கேட்பவர் எவரும் இலத்தீன் அறிந்தவரல்லர். ஆயினும் பொருளறியாமல் ஓர் அடியும் அவர்களைக் கடந்து போவதில்லை.

அவ்விசை ஏறத்தாழ 1400 முதல் 1600 வரையிலான காலத்தது. பிளாரன்சு நகரப் பேராலயம் 1436இல் நேர்ந்தளிக்கப்பட்டபோது துஃபாய் இசையமைத்த பாடல், 1521இல் மறைந்த ஜோஸ்கானின் பாடல்கள், 1594இல் மறைந்த பாலஸ்திரினாவின் வழிபாட்டிசை ஆகியவை அதன் சிகரங்கள். பல குரல்கள் வெவ்வேறு வழியிற் சென்று ஒன்றோடொன்று இயைவதே அதன் இலக்கணம். பெரியதோர் ஏட்டை மேடைமேல் விரித்துவைத்துப் பாடகர் அனைவரும் அதனைச் சூழ நின்று பாடுவர். ஒவ்வொரு குரலுக்கும் உரிய பகுதி அதே விரிப்பில் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். 1501இல் வெனிசு நகரில் பெத்ரூச்சி என்பார் இத்தகைய இசையை அச்சிலும் ஏற்றினார். பின்னர்ச் சுவை மாறிற்று. பாடல்களுட் பெரும்பகுதி நூலகத்தில் உறங்கியது. 1973இல் தோன்றிய டாலிஸ் ஸ்காலர்ஸ், 1974 முதல் 2014 வரை பாடிய ஹில்லியர்டு குழு போன்றோர் அவற்றை மீண்டும் அரங்கேற்றினர். குறிகள் முழுமையாக உள்ளன. ஆயினும் எந்தச் சுருதியிற் பாடினர், இலத்தீனை எவ்வாறு ஒலித்தனர், கருவி உடன் ஒலித்ததா என்று அவர்கள் இன்றும் வழக்காடுகின்றனர். எழுதி வைத்தவர்க்கே இத்தனை ஐயம்!

இனி நம் தக்கலைக்கு வருவோம். தென்காசியிற் பிறந்து தக்கலையில் நெசவு செய்து வாழ்ந்தவர் என மரபு கூறும் மெய்ஞ்ஞானி பீர்முகம்மது அப்பாவை அறிஞர் 17ஆம் நூற்றாண்டினர் என்பர். அவர்தம் ஞானப்புகழ்ச்சி 600க்கு மேற்பட்ட பாடல்களை உடையது. ஆண்டுதோறும் ரஜபு மாதம் 14ஆம் நாள் இரவில் அப்பாவின் தர்காவில் அது விடிய விடியப் பாடப்பெறுகிறது. மெட்டுக்குக் குறியில்லை, நிரலில்லை. தந்தை பாடக் கேட்டு மகன் பாடுகிறான்; அவ்வளவே. மேலைநாட்டார் ஏட்டிலிருந்து குரலைத் தேடுகின்றனர். நம்மிடம் குரல் அறுபடாமல் இருக்கிறது.

ஆயின் பொருள்? ஷரீஅத், தரீகத், ஹகீகத், மஃரிபத் என்னும் நான்கு படிகளை அறியாதவர்க்கு அப்பாடல்களின் பாதி மூடிய கதவு. சித்தர் பரிபாஷையும் அரபுச் சொல்லும் அருகருகே நிற்கும். அரபு கற்றவர் முதலதில் தடுக்குவார். தமிழ் கற்றவர் இரண்டாவதில் தடுக்குவார். நம் வகுப்பில் அப்பாடல்களை இனிமையாகப் பாடும் மாணவர் உளர். பொருள் கேட்டால் நாணித் தலைகுனிவர். மெட்டறிந்த முதியோரோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர்.

நிரல் ஒன்று அச்சிடலாமே என்று நாம் சொன்னபோது மூத்தோர் சிலர் முகம் சுளித்தனர். இது கச்சேரியன்று, புகழ்ச்சி என்றனர். அவர்கள் அஞ்சுவது நியாயமே. பாலஸ்திரினாவின் இசையும் தொழுகைக்கென்றே பிறந்தது. இன்று சீட்டு வாங்கிக் கேட்கப்படுகிறது. எனவே அவ்விரவு அவ்விரவாகவே இருக்கட்டும். பொருள் எழுதிய தாள் வகுப்பறைக்கு வரட்டும் என்பதே நம் கருத்து. அதனை மூத்தோரும் மறுக்கவில்லை.

மெட்டை எழுதுவதுதான் கடினம். சுரக்குறியில் எழுதிப் பார்த்தோம். குரலின் இழைவு அதில் அகப்படவில்லை. கைப்பேசியில் இளைஞர் பதிவதோ ஐந்து நிமிடத் துணுக்கு. ஓரிரவு முழுவதும், பாடல் வரிசை குலையாமல், பாடுவோர் இசைவோடு பதிதல் வேண்டும்.

முதற்கட்டமாகப் பத்துப் பாடல்களை எடுத்துக்கொண்டு, மூன்றாம் ஆண்டு மாணவரோடு இடப்பக்கம் பாடலும் வலப்பக்கம் பொருளுமாக எழுதி வருகிறோம். ஒரு பாடலில் அச்சு நூல் காட்டும் சொல் ஒன்று; முதியவர் பாடும் சொல் வேறொன்று. இரண்டையும் அருகருகே எழுதி வைத்துள்ளோம்.