புள்ளியின் நிறை

நுழையும்முன்

பள்ளியில் மதிப்பெண் என்பது எளிதில் கூட்டிப் பார்க்கத்தக்க எண். 600-க்கு எத்தனை என்று சொன்னால் ஊரில் எவரும் பொருள் உணர்ந்துகொள்வர். கல்லூரியில் அடியெடுத்து வைத்ததும் அவ்வெண்ணின் வடிவம் மாறிவிடுகிறது. 7.9 என்றும் 6.4 என்றும் சிற்றெண்ணாக அது வீடு வந்து சேர்கிறது. அவ்வெண் எவ்வாறு உருவாகிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வீடு வந்து சேரும் எண்

திருவண்ணாமலையில் இராசகோபுரத்தைச் சூழ்ந்த வீதிகளிலும் கிரிவலப் பாதையின் ஓரங்களிலும் பூவும் தேங்காயும் அகல்விளக்கும் விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்கள் உண்டு. செங்கம், போளூர், தண்டராம்பட்டு, கலசப்பாக்கம் ஆகிய பகுதிகளில் உழவை நம்பி வாழும் குடும்பங்களும் உண்டு. இவ்வீடுகளின் பிள்ளைகள் பேருந்தேறி, நகரிலுள்ள கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரிக்கு வருகின்றனர். அவர்களுள் தம் குடும்பத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரியாகப் போகிறவர்களும் அடங்குவர். வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 2002-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துடன் அக்கல்லூரி இணைவு பெற்றது.

பருவத்தேர்வு முடிவு வெளியாகும் நாளில், “எவ்வளவு வாங்கியிருக்கிறாய்?” என்று தாய் கேட்பார். “7.9” என்று மகள் விடை தருவாள். “எத்தனைக்கு?” என்பது தாயின் அடுத்த கேள்வி. “பத்துக்கு” என்னும் விடையுடன் உரையாடல் பெரும்பாலும் முடிந்துவிடும். அவ்வெண் எப்படி வந்தது என்று தாய் கேட்பதில்லை. கேட்டிருந்தால் மகளுக்கும் சொல்லத் தெரிந்திருக்குமா என்பது ஐயமே. மேற்படிப்பும் வேலையும் அவ்வெண்ணைக் கொண்டு முடிவாகும்போது, அதைப் படிக்கத் தெரியாமை சிறு குறையாக இருக்க இயலாது.

கிரெடிட் என்னும் அளவு

விருப்பம்சார் பாடத்தெரிவு முறையில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் அளவு தரப்பட்டிருக்கும். அதனைக் ‘கிரெடிட்’ என்பர். ஒரு பருவம் முழுவதும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் நிகழும் வகுப்பு ஒரு கிரெடிட் பெறும். செய்முறை வகுப்பாயின் இரண்டு மணி நேரம் ஒரு கிரெடிட்டாகும் என்பது பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த நெறி. முதன்மைப் பாடத்துக்குக் கிரெடிட் மிகுதி. திறன் மேம்பாட்டுப் பாடத்துக்குக் குறைவு. தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் இளநிலைப் படிப்புகள் பலவற்றில் மூன்றாண்டுகளுக்கும் சேர்த்து 140 கிரெடிட்டுகள் அமைகின்றன.

பாடத்தில் பெறும் மதிப்பெண், தரப்புள்ளியாக மாற்றப்படுகிறது. மானியக் குழு 2015-ஆம் ஆண்டு பரிந்துரைத்த பத்துப் புள்ளி அளவுகோலில் ‘ஓ’ என்னும் தரத்துக்கு 10, ‘ஏ பிளஸ்’ தரத்துக்கு 9, ‘ஏ’ தரத்துக்கு 8, ‘பி பிளஸ்’ தரத்துக்கு 7, ‘பி’ தரத்துக்கு 6, ‘சி’ தரத்துக்கு 5, தேர்ச்சி மட்டும் பெற்றவருக்கு 4 எனப் புள்ளிகள் அமையும். தேர்ச்சி பெறாதவருக்கும் தேர்வு எழுதாதவருக்கும் புள்ளி 0. மதிப்பெண்ணைப் பத்தால் வகுத்து, 76 பெற்றவருக்கு 7.6 எனத் தரும் பல்கலைக்கழகங்களும் உள்ளன.

பூக்கடை அறிந்த கணக்கு

இனிச் சராசரி காண வேண்டும். இதற்குரிய கணிதத்தைப் பாடநூல்கள் ‘நிறையிட்ட சராசரி’ என்கின்றன. பெயர் புதிதாயினும் கணக்குப் பழையது. திருவண்ணாமலைப் பூக்கடையில் நாள்தோறும் நிகழ்வது.

விடியற்காலையில் ஒருவர் 1 கிலோ சாமந்தியை 200 ரூபாய்க்கு வாங்குகிறார் என்று கொள்க. சற்றுப் பொழுது கழித்து விலை இறங்க, கிலோ 100 ரூபாய் வீதம் 4 கிலோ வாங்குகிறார். அவருக்குக் கிலோவின் அடக்கவிலை என்ன? 200-ஐயும் 100-ஐயும் கூட்டிப் பாதியாக்கி 150 என்று அவர் சொல்லமாட்டார். செலவிட்டது 600 ரூபாய். கையிலிருப்பது 5 கிலோ. ஆகவே அடக்கம் 120 ரூபாய். 150 என்று எண்ணியிருந்தால் 130 ரூபாய்க்குக் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பி, மாலையில் வாடிய பூவோடு வீடு திரும்பியிருப்பார். எவ்விலைக்கு எவ்வளவு வாங்கினோம் என்பதை மறந்து விலைகளை மட்டும் கூட்டுவது பிழை என்பது அவருக்கு நன்கு தெரியும்.

கல்லூரிக் கணக்கில் விலையின் இடத்தில் தரப்புள்ளி நிற்கிறது. கிலோவின் இடத்தில் கிரெடிட் நிற்கிறது.

ஒரு பருவத்தின் கணக்கு

ஒரு மாணவி ஒரு பருவத்தில் ஆறு பாடங்கள் பயில்கிறாள் என்று கொள்க.

தமிழ்: 3 கிரெடிட் × 9 புள்ளி = 27
ஆங்கிலம்: 3 × 8 = 24
முதன்மைப் பாடம் 1: 5 × 6 = 30
முதன்மைப் பாடம் 2: 5 × 7 = 35
விருப்பப் பாடம்: 3 × 10 = 30
திறன் மேம்பாட்டுப் பாடம்: 2 × 10 = 20

கிரெடிட்டுகளின் கூடுதல் 21. பெருக்கங்களின் கூடுதல் 166. 166-ஐ 21-ஆல் வகுக்க 7.90 கிடைக்கிறது. இதுவே அப்பருவத்தின் தரப்புள்ளிச் சராசரி. மாணவர் வழக்கில் ஜி.பி.ஏ. கிரெடிட்டை விடுத்து ஆறு புள்ளிகளை மட்டும் கூட்டி ஆறால் வகுத்தால் 8.33 வரும். அதை எதிர்பார்த்திருந்த மாணவி, பட்டியலில் 7.90-ஐக் கண்டு எங்கோ பிழை நேர்ந்ததென மனம் வாடக்கூடும்.

அவளுடைய தோழி அதே ஆறு புள்ளிகளை இடம்மாற்றிப் பெற்றிருக்கிறாள் எனக் கொள்க. முதன்மைப் பாடங்கள் இரண்டிலும் 10; தமிழில் 9; ஆங்கிலத்தில் 8; விருப்பப் பாடத்தில் 6; திறன் பாடத்தில் 7. இப்போது கூடுதல் 183, சராசரி 8.71. இருவர் கையிலும் இருந்தவை அதே ஆறு எண்கள். எந்தப் பாடத்தில் எந்த எண் என்பதே வேறுபாடு. நாள்தோறும் மிகுந்த நேரம் எப்பாடத்துக்கு உரியது என்னும் கேள்விக்கு இக்கணக்கு விடை தருகிறது.

பருவங்கள் சேரும்போது

எல்லாப் பருவங்களையும் சேர்த்துக் காண்பது ஒட்டுமொத்தத் தரப்புள்ளிச் சராசரி, அதாவது சி.ஜி.பி.ஏ. இதிலும் அதே விதிதான். முதற்பருவத்தில் 21 கிரெடிட்டுக்கு 7.90, இரண்டாம் பருவத்தில் 25 கிரெடிட்டுக்கு 7.00 பெற்றால், 166-உடன் 175-ஐக் கூட்டி 46-ஆல் வகுக்க வேண்டும். விடை 7.41. தேர்ச்சி பெறாத பாடத்தைச் சராசரியில் சேர்க்கும் முறை பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடுவதால், அதற்குரிய விதியைத் தம் பல்கலைக்கழக ஒழுங்குமுறையில் படித்தறிவது மாணவர் கடமை.

இக்கணக்கில் காலம் பற்றிய உண்மை ஒன்றும் உண்டு. முதற்பருவத்தில் 24 கிரெடிட்டுக்கு 6.4 பெற்ற மாணவர், 24 கிரெடிட் கொண்ட இரண்டாம் பருவத்தில் 9 பெற்றால் ஒட்டுமொத்தம் 7.7 ஆக உயர்கிறது. அதே 6.4-உடன் ஐந்து பருவங்களைக் கடந்து 116 கிரெடிட் சேர்த்துவிட்டவர், 24 கிரெடிட் கொண்ட இறுதிப் பருவத்தில் அதே 9-ஐப் பெற்றால் அவரை வந்தடைவது 6.85 மட்டுமே. உழைப்பில் குறைவில்லை, சேர்ந்துவிட்ட நிறை அதிகம். ‘கடைசி ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம்’ என்னும் எண்ணம் எவ்வளவு விலை கேட்கிறது என்பதை இவ்விரண்டு எண்கள் காட்டுகின்றன. ஒரு பருவத்தில் சறுக்கியவர் அடுத்த பருவத்திலேயே எழுந்து நின்றால் இழந்ததில் பெரும்பகுதியை மீட்கலாம் என்பதையும் அவையே காட்டுகின்றன.

தெரியுமா?

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கிய ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-ஆம் ஆண்டு இடைநிலைக் கல்வி ஆணையம் அமைக்கப்பட்டது. நூற்றுக்கு இத்தனை என்னும் நுண்ணிய வேறுபாட்டுக்கு மாற்றாக, ஐந்து படிநிலைகளைக் கொண்ட குறியீட்டு முறையில் மாணவரை மதிப்பிடலாம் என அவ்வாணையம் பரிந்துரைத்தது.

விழுக்காடாக மாற்றும்போது

விண்ணப்பப் படிவங்கள் இன்றும் விழுக்காட்டைக் கேட்கின்றன. கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வை எழுத, முதுநிலைப் பட்டத்தில் பொதுப் பிரிவினர் 55 விழுக்காடும் இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 50 விழுக்காடும் பெற்றிருக்க வேண்டும். 5.6 பெற்ற ஒருவர் அதனைப் பத்தால் பெருக்கினால் 56, எல்லையைக் கடந்துவிடுகிறார். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் முன்பு பத்தாம் வகுப்புக்குக் கையாண்ட 9.5 என்னும் எண்ணால் பெருக்கினால் 53.2, வாயிலிலேயே நின்றுவிடுகிறார். பிறர் சொன்ன சூத்திரத்தை நம்பித் தம்மைத் தகுதியற்றவர் என்று முடிவு செய்து விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவது பேரிழப்பு. பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் எம்முறையை வகுத்திருக்கிறதோ, அதுவே அப்பட்டத்துக்குரிய முறை. மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தையும் ஒழுங்குமுறை ஏட்டையும் படிக்கும் பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

எண் சொல்லாதவை

தரப்புள்ளிச் சராசரி ஓர் அளவுகோல். அது அளக்கும் எல்லை குறுகியது. அதிகாலையில் பூக்கட்டித் தந்துவிட்டு வகுப்புக்கு ஓடி வந்தவளின் 7.4-க்கும், படிப்பைத் தவிர வேறு சுமை அறியாதவரின் 7.4-க்கும் பட்டியலில் வேறுபாடு இராது. கிரிவலம் வருவோருக்கு அண்ணாமலை ஒவ்வொரு திசையிலும் ஒவ்வொரு தோற்றம் காட்டுகிறது. ஓரிடத்தில் நின்று கண்ட தோற்றமே மலை முழுவதும் என்று எவரும் கொள்வதில்லை. மாணவரின் ஆற்றலும் அத்தகையதே.

ஆயினும் எண்ணின் எல்லையை உணர்தல் வேறு. அதனைப் புறக்கணித்தல் வேறு. அவ்வெண் திறக்கும் கதவுகள் உண்மையானவை. அதன் கணக்கை அறிந்தவருக்கு அதனிடம் அச்சம் இராது. எவ்விடத்தில் முயன்றால் அது உயரும் என்பதும் புலப்படும். “எத்தனைக்கு?” என்று கேட்கும் தாயிடம், “சாமந்தியின் அடக்கவிலை பார்ப்பீர்களே அம்மா, அதே கணக்குதான்” என்று மகள் விளக்கிச் சொல்லும் நாளில், கல்லூரியின் எண் வீட்டாருக்கும் உரியதாகிவிடும்.

கற்பவை கற்றபின்

1. 4 கிரெடிட் பாடத்தில் 8, 3 கிரெடிட் பாடத்தில் 6, 2 கிரெடிட் பாடத்தில் 9 புள்ளிகள் பெற்றவரின் தரப்புள்ளிச் சராசரியைக் கணக்கிடுக.
2. நும் வீட்டார் செய்யும் தொழிலில் நிறையிட்ட சராசரி பயன்படும் இடம் ஒன்றைக் கேட்டறிந்து எழுதுக.
3. ‘மதிப்பெண் ஒருவரின் ஆற்றலை முழுமையாகக் காட்டுமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.