பாதியில் நின்ற எழுத்து



2008ஆம் ஆண்டு என் வீட்டில் நடந்த ஒரு காரியத்தை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இதில் குற்றவாளி நானே.

அப்போது என் மகனுக்குப் பதினாறு வயது. ஜப்பானில் 2004 டிசம்பரில் வெளிவந்த பி.எஸ்.பி. என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியின் முதல் மாதிரி அவனிடம் இருந்தது. ஆர்வலர்கள் எழுதிய சிறு நிரல்களை இயக்குவதற்காக, அதன் ஃபர்ம்வேரை, அதாவது கருவியை இயக்கும் அடிப்படை மென்பொருளை, அவன் மாற்றியமைத்திருந்தான். ஓர் இரவு அதன் புதிய பதிப்பை ஏற்றத் தொடங்கினான். சில நிமிடங்களில் முடியும் வேலைதான்; அதற்குள் களைப்பில் உறங்கிப்போனான். ஒளிரும் திரையைக் கண்ட நான், விளையாடியபடியே தூங்கிவிட்டான் என்று கோபங்கொண்டேன். சார்ஜர் ஒயரைப் பிடுங்கி, பின்மூடியைத் திறந்து பேட்டரியையும் கழற்றினேன். விடியுமுன் கோபம் தணிந்தது. பேட்டரியை மீண்டும் பொருத்தி வைத்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.

காலையில் அவன் கருவியை இயக்கினான். பச்சை விளக்கு எரிந்தது. திரை இருண்டே கிடந்தது. சில நொடிகளில் விளக்கும் அணைந்தது.

அந்த வாரம் முழுவதும் அவன் பழுதைத் தேடினான். பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்து பார்த்தான். மெமரி ஸ்டிக்கை நீக்கிப் பார்த்தான். 'ஆர்' பொத்தானை அழுத்திப் பிடித்தபடி இயக்கி, மீட்புப் பட்டியலைத் திறக்க முயன்றான். எதுவும் பலிக்கவில்லை. இறுதியில் என்னிடம் வந்து, "கருவியை மாற்றியமைத்தது என் தவறு அப்பா. உங்கள் பணத்தை வீணாக்கிவிட்டேன், மன்னியுங்கள்" என்றான். நான் தலையசைத்து அவனை மன்னித்தேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களிலெல்லாம் கனமானது, வாய் திறவாமல் நான் அளித்த அந்த மன்னிப்புதான்.

ஞாயிறன்று பிரசங்க பீடத்தில் நின்று உண்மையைக் குறித்துப் பேசினேன். முன்வரிசையில் அமர்ந்து அவன் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான். அன்று மதியம் எனக்கு உணவு இறங்கவில்லை. அவனைத் தனியே அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

நெடுநேரம் அவன் பேசவில்லை. பிறகு, "புதிய பதிப்பு ஏறிக்கொண்டிருக்கும்போதா கழற்றினீர்கள்?" என்று மட்டும் கேட்டான். ஆம் என்றேன். "அப்படியானால் உள்ளே எதுவும் உடையவில்லை. எழுத்துதான் பாதியில் நின்றிருக்கிறது" என்றான்.

அவனே விளக்கினான். கருவி விழிக்கும்போது முதலில் இயங்கும் சிறு நிரல், செயலிக்குள்ளேயே நிரந்தரமாகப் பதிந்திருக்கிறது. எந்தப் புதுப்பிப்பும் அதை அழிக்க இயலாது. பேட்டரியின் வரிசை எண் ஒரு குறிப்பிட்ட மதிப்பாக இருக்குமானால், சிதைந்த உள்நினைவகத்தை விட்டுவிட்டு, மெமரி ஸ்டிக்கிலிருந்து அது தொடங்கும். அவ்வாறு எண் மாற்றப்பட்ட பேட்டரிக்குப் 'பண்டோரா' என்று பெயர். நண்பனிடமிருந்து அதைப் பெற்று, அதற்கென ஆயத்தம் செய்த மெமரி ஸ்டிக்குடன் பொருத்தினான். பவர் பொத்தானைத் தொடாமலே கருவி விழித்தது. மென்பொருள் மீண்டும் எழுதப்பட்டது.

கருவி ஒரு மாலையில் சரியாயிற்று. ஆனால் அதைத் தலையணைக்கு அடியில் வைத்து உறங்கும் பழக்கத்தை என் மகன் விடுவதற்குப் பல மாதங்கள் ஆயின. ஒவ்வோர் இரவும் அந்த அறை வாசலில் நின்று அதைப் பார்த்தேன். அவனைக் கடிந்துகொள்ளும் உரிமை எனக்கு இல்லை என்பதை அறிந்திருந்தேன்.

அன்பானவர்களே, நீங்கள் செய்த தவறின் காரணத்தை உங்கள் வீட்டில் யாரேனும் தங்களுக்குள் தேடிக்கொண்டிருக்கிறார்களா? பிள்ளையோ, மனைவியோ, கணவரோ, உங்களிடம் வேலை செய்பவரோ, "நான்தான் கெடுத்துவிட்டேன்" என்று வருந்திக்கொண்டிருக்கிறார்களா? அவர்கள் எவ்வளவு திறமையோடு தேடினாலும், நீங்கள் வாய் திறவாதவரை விடை கிடைக்காது. அவர்கள் மன்னிப்புக் கேட்டு வரும் நாள்வரை காத்திராதேயுங்கள். இந்த வாரமே அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். அதற்கான தைரியத்தை ஆண்டவர் நமக்கு அருள்வாராக.