கொடுவா தேடி முத்துப்பேட்டைக்கு

எழுமலை வாசிகளான நமக்கு மீன் என்றால் கண்மாய் மீன்தான். நீர் வற்றுங் காலத்தில் ஊரே இறங்கிச் சேற்றைத் துழாவி, விராலும் கெளுத்தியும் பிடிப்பதோடு நமது மீன் வேட்டை முடிந்துவிடும். தூண்டில் வினோதம் துரைமார்களுக்கே உரியது என்ற எண்ணமும் நம்மவரிடையே உண்டு. அவர்கள் கடல் கடந்து டிரௌட் மீனின் முட்டைகளைக் கொணர்ந்து நீலகிரி ஓடைகளில் பெருக்கினார்கள்; அவலாஞ்சியில் 1907-இல் குஞ்சு பொரிக்கும் நிலையமும் அமைத்தார்கள். ஆனால் டிரௌட்டுக்குச் சற்றும் இளைக்காத மீன் ஒன்று நமது கரையோரத்திலேயே வாழ்ந்து வருகிறது. அதுதான் கொடுவா. வங்காளிகள் பேட்கி என்றும், ஆஸ்திரேலியர் பாரமுண்டி என்றும் போற்றுவது இதனையே. ஐந்தடி நீளம் வரை வளரவல்லது.

ஐரோப்பாவின் கடல் டிரௌட் முட்டையிடுவதற்காக ஆற்றில் மேலேறும். கொடுவாவோ ஆற்றிலும் கழியிலும் வளர்ந்து, முட்டையிடக் கடலை நோக்கி இறங்கும். ஆகையால் நன்னீரும் உப்புநீரும் கலக்கும் கழிமுகமே அதைத் தேடவேண்டிய இடம். பழவேற்காடு, பிச்சாவரம் எனப் பல இருப்பினும், மதுரைப் பக்கத்திலிருந்து செல்வோர்க்கு முத்துப்பேட்டை வசதியானது. காரைக்குடியிலிருந்து பட்டுக்கோட்டை வழியாகத் திருவாரூர் செல்லும் ரயில் பாதையில் இருக்கிறது இவ்வூர். பாமணி, கோரையாறு முதலிய காவிரியின் கிளைகள் இங்கே கடலோடு கலக்கின்றன. அருகிலுள்ள ஜாம்புவானோடையில் வனத்துறையின் அனுமதி பெற்றே படகேற வேண்டும். எங்கே தூண்டில் போடலாம், எங்கே கூடாது என்பதையும் அங்கேயே கேட்டறிவது நலம்.

இருபுறமும் அலையாத்தி மரங்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி வீசிய கஜா புயல் இக்காட்டை வெகுவாகச் சிதைத்தது. எனினும் இம்மரங்களின் வேர்களுக்கிடையேதான் இறாலும் மடவைக் குஞ்சும் வளர்கின்றன. அவற்றைத் தின்னவே கொடுவா வருகிறது.

பெரிய கொடுவாவைப் பிடிக்கும் முறை இதுதான். ஓதம் ஏறும்போது சிறுமீன்கள் ஓடைகளுக்குள் புகும். வற்றத் தொடங்கியதும் வெளியே வரும். அவ்வேளையில் ஓடையின் வாயில் கொடுவா பதுங்கிக் காத்திருக்கும். விடியலிலோ அந்தியிலோ அந்நேரம் வாய்த்தால் அதிர்ஷ்டமே. உயிருள்ள மடவையையோ இறாலையோ, நீந்துவது நில்லாதபடி முதுகில் மெல்லக் கோத்து நீரில் விடவேண்டும். கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல் கூரியது. ஆகவே முள்ளையொட்டித் தடித்த நரம்பு அவசியம். கௌவிய மீன் நீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும். அப்போது இழுத்துப் போராடாமல் நரம்பை விட்டுப் பிடித்து, வேர்ப்பக்கம் ஓடாதபடி மட்டும் தடுத்துக் களைப்படையச் செய்வதே சாமர்த்தியம்.

இனி முக்கியமான விஷயம். கொடுவா இளமையில் ஆணாக இருந்து, பல ஆண்டுகள் வளர்ந்தபின் பெண்ணாக மாறும் இனம். ஆகவே மிகப் பெரிய மீன்கள் அநேகமாக யாவும் தாய்களே. ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் முட்டையிட வல்லது. நமது படகோட்டி இதைச் சாஸ்திரம் படிக்காமலே அறிந்திருந்தார். “பெருசு எல்லாம் சினை மீனுங்க, சார். அதைப் புடிச்சா அடுத்த வருஷத்து மீனையும் சேர்த்துப் புடிச்ச மாதிரி” என்றார். ஆஸ்திரேலியாவில் குவின்ஸ்லாந்து மாகாணத்தார் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் வைத்துக்கொள்ளலாகாது என்றே சட்டம் செய்திருக்கிறார்கள்.

பெருமீனை நீரில் விட்டுவிடு என்று, அதன் விலையைக் கொண்டே அடுப்பெரிக்கும் மீனவரிடம் சொல்ல மாதச் சம்பளக்காரரான நமக்கு நாவெழவில்லை. ஆனால் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் பிடிப்பவருக்கு அந்தச் சாக்கு ஏது? உண்பதற்குக் கொடுவா வேண்டுமானால் வளர்ப்பு மீன் இருக்கிறது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1997-லேயே இதைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்து காட்டினார்கள். ஆதலால் முத்துப்பேட்டை செல்லும் நண்பர்கள் நடுத்தர மீன் ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வரட்டும். பெரியது அகப்பட்டால் நீரை விட்டு அதிக நேரம் வெளியே எடுக்காமல், முள்ளை நீக்கிக் கழிமுகத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடட்டும்.