முன்பாரம், பின்பாரம்

ஹூஸ்டனுக்கு மேற்கே, நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது அந்தப் பட்டறை. முற்றத்தில் பின்கண்ணாடி இல்லாத பிக்கப் ஒன்று நின்றது. கண்ணாடி இருந்த இடத்துக்குக் கீழே, கேபினின் முதுகில், குடம் விழுந்தது போல ஒரு பள்ளம்.

"பின்னால் யாராவது இடித்துவிட்டார்களா?" என்றேன்.

"ஓட்டியவருடைய டிரெய்லரேதான் இடித்தது. பின்னெடுக்கும்போது அளவுக்கு மேல் ஒடித்துவிட்டார்," என்றார் மேஸ்திரி. மெக்சிகோவின் மான்டெர்ரேயிலிருந்து வந்தவர். இருபது வருடத்துக்கும் மேலாக இதே வேலை.

மச்சான் முகம் வாடிவிட்டது. கேம்பர் வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. அதை இழுக்க அவருடைய ஃபோர்டு எஃப்-350-இன் பெட்டியில் 'ஐந்தாம் சக்கரம்' பொருத்தத்தான் வந்திருந்தோம்.

பெயர் குதிரை வண்டிக் காலத்தது. நான்கு சக்கர வண்டியின் முன் அச்சு திரும்புவதற்காக அதன்மேல் ஒரு வளையத்தைப் படுக்கவைத்திருப்பார்கள், அதுதான் ஐந்தாவது. இன்று அந்த இடத்தில் கிரீஸ் தடவிய இரும்புத் தட்டு. டிரெய்லரின் மூக்கிலிருந்து இறங்கும் 2 அங்குல கிங்பின்னை அதன் தாடைகள் கவ்விக்கொள்ளும். பம்பருக்குக் கீழே குண்டு வைத்து இழுப்பது வேறு, இது வேறு. டிரெய்லர் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை பிக்கப்பின் பெட்டிமேல் வந்து உட்காரும். மச்சானின் கேம்பர் 12,000 பவுண்டு. ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும் ஆயிரம் கிலோவைத் தாண்டிவிடுகிறது.

அதை எந்த இடத்தில் உட்கார வைப்பது என்பதில்தான் வேலையே இருக்கிறது. பின் ஆக்சிலுக்குப் பின்னால் போனால் பிக்கப்பின் மூக்கு தூக்கும். முன் சக்கரங்களுக்குத் தரையில் பிடிப்புக் குறைந்து ஸ்டீயரிங் லேசாகிவிடும். மேஸ்திரி இதைக் கையால் ஏற்றி இறக்கிக் காட்டியபோது எனக்குத் தாத்தாவின் கூண்டு வண்டி ஞாபகம் வந்தது. "பின்பாரம் அடிக்குது, முன்னால தள்ளி உக்காருங்கடா" என்று சத்தம் போடுவார். மாட்டின் கழுத்தை விட்டு நுகத்தடி எழும்பினால் வண்டி அவர் சொன்னபடி கேட்காது.

வேலை தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் யாரும் டிரில்லைத் தொடவில்லை. பிக்கப்பைச் சமதளத்தில் நிறுத்தினார்கள். பெட்டியின் பக்க விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார் மேஸ்திரி. குண்டு ஆடி நிற்கும்வரை பேசவில்லை. நூல் சக்கரத்தின் மையத்தைத் தொட்டதும் டேப்பில் பென்சில் கோடு. மறுபக்கமும் அப்படியே. இரண்டையும் இணைத்துப் பெட்டியின் குறுக்கே சாயக்கயிற்றை இழுத்துச் சுண்டினார், நீலக்கோடு விழுந்தது. பிறகு இரு சக்கர மேடுகளுக்கும் நடுவே மையம். டெயில்கேட் மூலைகளிலிருந்து குறுக்களவு எடுத்தபோது கால் அங்குலம் இடித்தது. "மிஹோ, துடை," என்றார். ஸ்பானிஷில் 'மகனே' என்று அர்த்தமாம். உதவியாளப் பையன் ஈரத்துணியால் எல்லாக் கோட்டையும் துடைத்தான். மறுபடி முதலிலிருந்து.

கிட்டோடு வந்த கையேட்டில் அளவு அச்சிட்டிருக்கிறதே என்று மச்சான் கேட்டார். "அதையும் பார்ப்பேன், கடைசியில்," என்றார் மேஸ்திரி.

அவர் குறித்த இடம் ஆக்சில் கோட்டுக்கு 1 அங்குலம் முன்னால். அங்கிருந்து கேபின் 39 அங்குலம். கேம்பரின் அகலம் 8 அடி, அதாவது பாதி 48. முழுக்க ஒடித்துத் திருப்பினால் 9 அங்குலம் கேபினுக்குள் புகுந்துவிடும்! பெட்டி 8 அடியாக இருந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது; மச்சானுடையது ஏழடிக்கும் குறைவு. வாங்கும்போது, "சின்னப் பெட்டிதான் நிறுத்த வசதி" என்று சொன்னது நான்தான். அந்தப் பேச்சை அங்கே யாரும் எடுக்கவில்லை.

இதற்கு மாற்று ஸ்லைடர். நெருக்கமான இடத்தில் திருப்பும்போது மட்டும் தட்டு 12 அங்குலம் பின்னால் நகரும். "மெதுவாகத் திருப்ப மட்டும்தான். ரோட்டில் ஏறுவதற்கு முன்னால் மறக்காமல் முன்னுக்குத் தள்ளிப் பூட்டிவிடுங்கள்," என்று மச்சானிடம் இரண்டு தடவை சொன்னார். இப்போது சில பிக்கப்கள் தொழிற்சாலையிலேயே பெட்டியில் துளைகளோடு வருகின்றன. அவற்றில் இடத்தை வேறு யாரோ தீர்மானித்துவிட்டார்கள். எடுத்துப் பொருத்தினால் போதும்.

துளை போடுவதற்கு முன் பையன் அடியில் படுத்து டீசல் டாங்கையும் பிரேக் குழாயையும் டார்ச் அடித்துப் பார்த்தான். டிரில் பிட் தாண்டிப் பாய்ந்துவிடாதிருக்க ஒரு மரக்கட்டையை அண்டக்கொடுத்தான். பெட்டி அலுமினியம், சுருள் சுருளாக வெள்ளிச் சீவல் வந்தது. பெட்டித் தரை மேடுபள்ளமாக இருப்பதால் போல்ட்டை முறுக்கினால் தகடு நசுங்கும். அதனால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில், பள்ளத்தில், இரும்புத் துண்டு ஒன்றைச் செருகினார்கள். பிராக்கெட்டெல்லாம் சேசிஸில் ஏற்கெனவே இருக்கும் துளைகளில்தான். சேசிஸில் வெல்டிங் வைப்பது அந்தப் பட்டறையில் கிடையவே கிடையாது.

சாயங்காலம் கேம்பரை மாட்டினோம். தாடை பூட்டிய சத்தம் கேட்டதும் மச்சான் கைதட்டினார். மேஸ்திரி கைதட்டவில்லை. டிரெய்லர் பிரேக்கைப் பிடிக்கவைத்து, பிக்கப்பைச் சற்று முன்னால் இழுத்துப் பார்த்தார். பிறகு டார்ச்சோடு குனிந்து, தட்டுக்கும் கிங்பின் பெட்டிக்கும் நடுவே மறுபக்கத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தால் கிங்பின் சரியாக இறங்கவில்லை என்று அர்த்தம். கழற்றி மறுபடி மாட்ட வேண்டும்.

அன்று தெரியவில்லை.