நாம் சொன்ன நல்ல வார்த்தை

2024-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாத் திருப்பலி முடிந்து, கோவில் முற்றத்தில் குடிலைச் சுற்றி மக்கள் கூடி நின்ற வேளையில், நாம் ஒரு பெண்பிள்ளையைப் பார்த்து உரத்த குரலில் ஒரு வார்த்தை சொன்னோம். "அடடே, யார் இது! இப்பதாம்மா பார்க்க லட்சணமா இருக்கே!" சுற்றி நின்றோர் சிரித்தனர். அவளும் சிரித்தாள். ஒரு பிள்ளையின் மனத்தைக் குளிரச் செய்துவிட்ட நிறைவோடு நாம் அறைக்குத் திரும்பினோம். அவ்வார்த்தை என்ன செய்தது என்பதை அறிய நமக்கு ஏறத்தாழ மூன்று மாதம் பிடித்தது.

கச்சிராயபாளையத்தை அடுத்த கிளைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள் அவள். ஊரையும் பெயரையும் சொல்லப் போவதில்லை. இங்கே எழுதுவது எதுவும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதன்று. அறைவீட்டுத் திண்ணையில் கேட்டது. தாயும் மகளும், "எழுதுங்க சாமி" என்று இசைந்த பின்னரே எழுதுகிறோம்.

பதினாறு வயதில் அவள் எடை 112 கிலோ. சர்க்கரை நோய் அந்த வயதிலேயே வந்துவிட்டது. இரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்காருவாள். நமது பகுதியில் கரும்பும் உண்டு, சர்க்கரை ஆலையும் உண்டு. அதைச் சொல்லிச் சிரிப்போர் அவள் முன்னிலையிலேயே சிரித்தனர். பள்ளியில் வைத்த பட்டப்பெயர் ஊர்வரை வந்தது. ஒரு கல்யாண வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி அவளோடு முறிந்து விழுந்தபோது, பந்தியில் இருந்தவர்கள் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார்களாம். அன்று முதல், எங்கே உட்கார நேர்ந்தாலும், நாற்காலியின் கைகளை ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டே உட்காருவாள்.

சென்னையில் ஒரு மருத்துவர் எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்று சொல்லியிருப்பதாகத் தாய் நம்மிடம் வந்து யோசனை கேட்டபோது, "வாயைக் கட்டினால் போதாதா? அதற்குப் போய் வயிற்றை அறுப்பார்களா?" என்றோம். குருமடத்தில் தத்துவமும் இறையியலும் கற்றோமேயன்றி, இரைப்பையைப் பற்றி ஒன்றும் கற்றோமில்லை. நமது தொப்பையைப் பற்றி இதுவரை எவரும் விழா மேடையில் பேசியதில்லை என்பதையும் இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும்.

பின்னர் அம்மருத்துவரிடமே தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டோம். இது அழகுக்காகச் செய்யும் சிகிச்சையன்று. அவளுக்குச் செய்தது, இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் வெட்டி நீக்கி, எஞ்சியதை வாழைப்பழம் போன்ற ஒரு குழாயாக ஆக்கிவிடும் முறை. வயிறு சிறுத்துவிடுவதோடு, பசியைத் தூண்டும் ஒரு சுரப்பும் குறைந்துவிடுகிறது. வாயைக் கட்டுவது மனவுறுதியால் மட்டும் ஆகிற காரியமன்று என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. டெல்லியில் 237 கிலோ எடையிருந்த 14 வயதுச் சிறுவனுக்கு 2018-இல் இவ்வகைச் சிகிச்சை நடந்ததை நாளிதழ்கள் எழுதின. 13 வயதுக்கு மேற்பட்ட, கடும் பருமனுள்ள பிள்ளைகளுக்கு இதையும் ஒரு வழியாக எண்ணலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2023 சனவரியில் வழிகாட்டியது. நமது மாநிலத்தில் 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள். எனவே இது யாரோ பணக்காரர் வீட்டுச் சங்கதியன்று.

அச்சமும் இல்லாமலில்லை. 2024 ஏப்ரலில் புதுவை இளைஞர் ஒருவர் சென்னையில் இச்சிகிச்சை தொடங்கிய சிறிது நேரத்திலேயே இறந்துபோனார். செய்தி வந்த இரவு தாய் உறங்கவில்லை. ஆயினும் பிள்ளை பின்வாங்கவில்லை. மே மாத விடுமுறையில் வேறொரு மருத்துவமனையில் சிகிச்சை நல்லபடி முடிந்தது. டிசம்பருக்குள் 36 கிலோ குறைந்துவிட்டாள். சர்க்கரை மாத்திரை நின்றது, இரவில் உறங்கினாள்.

இத்தோடு கதை முடிந்தது என்று நாமும் எண்ணினோம், ஊரும் எண்ணிற்று.

ஆனால் அவள் இன்னும் பழைய உடம்போடேயே நடமாடினாள். சக்கிறீஸ்து வாசலில் தாராளமாய் நுழையலாம். அவளோ பக்கவாட்டில் திரும்பி நுழைவாள். பேருந்தில் இருவர் இருக்கையில் அருகே எவரும் உட்காராதிருக்க நின்றுகொண்டே வருவாள். தையற்காரர் அளவெடுக்க வந்தால், "பழைய அளவே போதும்" என்பாள். கண்ணாடியில் தெரிவது 112 கிலோப் பெண்ணே. இப்படி மனம் உடம்புக்குப் பின்தங்கி நிற்பது இச்சிகிச்சை பெற்ற பலருக்கும் நேர்வதே என்று மருத்துவர் சொன்னார். வேகமாய் இளைத்ததால் கையிலும் வயிற்றிலும் தோல் சுருங்காமல் தொங்கிற்று. தலைமுடி கொத்துக் கொத்தாய் உதிர்ந்தது. சிகிச்சைக்குப் பின் சில மாதம் இப்படி உதிர்ந்து, பெரும்பாலோர்க்குத் திரும்ப முளைக்குமாம். அதை அவளுக்கு முன்கூட்டிச் சொல்லியிருந்தும், சீப்பில் முடியைக் காணும் பிள்ளைக்கு அது ஆறுதலாகவில்லை. முன்பு கேலி செய்த அதே வாய்கள், "இனி மாப்பிள்ளைக்குப் பஞ்சமில்லை" என்றன. இவற்றுக்கு நடுவில்தான் நாமும் குடிலருகே நின்று அந்த வார்த்தையைச் சொன்னோம்.

2025 தவக்காலத்து இரண்டாம் வெள்ளி மாலை, சிலுவைப்பாதையின் ஏழாம் நிலையில் அவள் மயங்கி விழுந்தாள். ஆண்டவர் இரண்டாம் முறை விழும் நிலை அது. அடுத்த கிழமை பிளஸ் டூ தேர்வில் ஒரு தாள் இருந்தது. கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனோம். இரத்தச்சோகை. உடலில் பி12 சத்து மிகக் குறைந்திருந்தது. இச்சிகிச்சை பெற்றவர் ஆயுள் முழுவதும் சத்து மாத்திரை உட்கொண்டு, இரத்தப் பரிசோதனையும் செய்துவர வேண்டும். அவள் மாத்திரைகளைத் தின்னவில்லை. தலையணை உறைக்குள் இருந்தன. மாத்திரை எடை கூட்டும் என்று அஞ்சினாளாம். விபூதிப் புதன் தொடங்கி நாள்தோறும் ஒருசந்தி இருந்திருக்கிறாள். வீட்டார் பக்தி என்று எண்ணி மகிழ்ந்திருக்கின்றனர்.

மருத்துவமனைக் கட்டிலருகே, "ஏன்மா இப்படிச் செய்தாய்?" என்றோம்.

"இப்பதான் லட்சணமா இருக்கேன்னு நீங்கதானே சாமி சொன்னீங்க. அப்போ முன்னாடி எப்படி இருந்தேன்? திரும்ப அப்படி ஆயிட்டா?"

நமக்கு நா எழவில்லை. 'இப்பதான்' என்ற அந்த ஒரு சொல்லை அவள் மூன்று மாதமாக நெஞ்சில் வைத்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். கேலி செய்தவன் அவளது பழைய உடம்பைத் தள்ளினான். புகழ்ந்த நாமும் அதையேதான் தள்ளினோம். அந்தப் பழைய உடம்பிலேதான் அவள் புதுநன்மை வாங்கினாள், பாடகர் குழுவில் பாடினாள், தம்பியை இடுப்பில் சுமந்தாள்.

நோன்பைப் பற்றி மட்டும் அன்றே சொல்லிவிட்டோம். திருச்சபை ஒருசந்தியை 18 வயது நிறைந்தவரிடமே கேட்கிறது. அதுவும் கட்டாயமாக விபூதிப் புதனிலும் பெரிய வெள்ளியிலும்தான். 14 வயது நிறைந்தவரிடம் கேட்பது சுத்தபோசனமே. நோயுற்றோர்க்கு விலக்கு உண்டு. இவற்றைப் பலிபீடத்திலிருந்து அறிவிக்காமல் விட்டது நமது குறை. பெற்றோரும் தங்கள் பிள்ளை எதற்காகப் பட்டினி கிடக்கிறது என்று ஒரு முறை கேட்டிருக்கலாம்.

இது நமது பங்கில் மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவில் 242 இளையோரைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று ஆண்டு கழித்துச் சராசரியாக எடையில் 27 விழுக்காடு குறைந்திருந்தது. நீரிழிவு பெரும்பாலோர்க்கு அடங்கியிருந்தது. பாதிப்பேருக்கு மேல் இரும்புச்சத்துக் குறை. சுவீடனில் 81 பிள்ளைகளை ஐந்தாண்டு கவனித்தனர். தன்மதிப்பு உயர்ந்தது உண்மை; ஆனால் மனநலத் துன்பங்கள் பலரிடம் நீடித்தன என்று 2020-இல் எழுதினர். கத்தி வயிற்றைத் தொடுகிறது. பிள்ளை தன்னைப் பார்க்கும் கண்ணை அது தொடுவதில்லை. அதனால்தான் நல்ல மையங்களில் அறுவைக்கு முன்னும் பின்னும் மனநல ஆலோசகர் இருக்கிறார். அவளது வீட்டார் முதல் இரண்டு சந்திப்புகளோடு அதை நிறுத்தியிருந்தனர்: "பிள்ளை நல்லாத்தானே இருக்கு, பஸ் காசு எதுக்கு?" இப்போது மாதம் ஒரு முறை போய் வருகிறாள். தேர்வையும் எழுதிவிட்டாள்.

அவளது தாய் வீட்டில் ஒரு கட்டளை இட்டிருக்கிறாள்: எவருடைய உடம்பைப் பற்றியும், நல்லதாயினும் கெட்டதாயினும், பேச்சே கூடாது. உறவினர் முகம் சுளிக்கின்றனர். ஒரு அத்தை கோபித்துக்கொண்டு போய்விட்டாளாம்.

சென்ற மாதம் அவள் அறைவீட்டுக்கு வந்தாள். கன்னம் சற்றுப் பூசினாற்போல் இருந்தது, முடியும் முளைத்திருந்தது. "ஆஹா" என்று நமது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஐம்பது வருடத்துப் பழக்கம் எளிதில் போகுமா? வாயை மூடிக்கொண்டு, "வெள்ளிமலை பஸ் வந்துவிட்டதா?" என்று கேட்டோம்.

"இன்னும் இல்ல சாமி" என்றாள். நாற்காலியின் கைகளை ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.